ஓலைச்சுவடியிலிருந்து மின்பதிப்புக்கு: உயர்நிலைப் பயிற்சியை அமைத்துக்கொள்ளும் முறை

பழைய நூல்களைக் கணினித் துணையுடன் ஆராய விரும்புவோர் பலர், தொடக்கநிலைப் பயிலரங்கு ஒன்றில், உரையின் பகுதிகளைக் கணினி அறியும் குறிகளால் அடையாளமிடும் குறியீட்டு முறையைக் கற்றபின், அடுத்து என்ன செய்வதென்று அறியாமல் நின்றுவிடுகின்றனர். முப்பது ஏடுகளுக்கு மிகாத ஒரு சிறு நூலை எடுத்து, அதன் இரண்டு அல்லது மூன்று சுவடிப் படிகளை முழுமையாக மின்பதிப்பாக்குவதே அவர்களுக்கு ஏற்ற பயிற்சி. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால், உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் ஆகியவற்றின் அட்டவணைகளை ஒப்பிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் உள்ள நூலைத் தேர்ந்தெடுங்கள். ஏடுகளின் படங்களைப் பயன்படுத்தும் அனுமதியை முதலிலேயே எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளுங்கள்.

தட்டச்சைத் தொடங்குமுன் ஏட்டெழுத்தின் இயல்பை மனத்தில் இருத்த வேண்டும். பெரும்பாலான சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே கொம்பால் எழுதப்படும். காலும் ரகரமும் வடிவத்தில் ஒன்றாகவே இருக்கும். சொற்களுக்கு இடையே இடைவெளியும் இராது. ஓரிடத்தில் ஒற்றைக் கொம்பு, பகரம், அதன்பின் ஒரே மாதிரியான இரண்டு குறிகள் காணப்படுவதாகக் கொள்வோம். அதைப் ‘போர்’ என்றும் படிக்கலாம், ‘பொர’ என்றும் படிக்கலாம், ‘பேரர்’ என்றும் படிக்கலாம். பொருளை நோக்கி நாம் ஒன்றைத் தேர்கிறோம். ஏடு அதைத் தேர்ந்து தரவில்லை.

ஆகவே பதிவை இரண்டு அடுக்குகளாகச் செய்யுங்கள். முதல் அடுக்கில் புள்ளி இடாமல், கொம்பை ஒற்றையாகவே வைத்து, காலையும் ரகரமாகவே கொண்டு, ‘பெரர’ என்று கண்டபடி எழுதுங்கள். இரண்டாம் அடுக்கில் உங்கள் வாசிப்பான ‘போர்’ என்பதை எழுதுங்கள். 1987-இல் தொடங்கி இன்றுவரை வளர்ந்துவரும் டி.இ.ஐ. (உரைகளை மின்வடிவில் குறியிடுவதற்கான பொது விதித்தொகுப்பு) நெறிமுறை இதற்கு இடம் தருகிறது: ‘சாய்ஸ்’ என்னும் குறிக்குள் ‘ஒரிஜ்’ ஏட்டின் வடிவத்தையும் ‘ரெக்’ உங்கள் வடிவத்தையும் தாங்கும். மங்கியிருந்தாலும் படிக்க முடிந்த எழுத்துக்கு ‘அன்கிளியர்’, ஏடு ஒடிந்து இழந்த பகுதிக்கு ‘கேப்’, அவ்விடத்தில் நீங்கள் ஊகித்து நிரப்பியதற்கு ‘சப்ளைட்’ எனப் பிரித்துக் குறியுங்கள். இம்மூன்றையும் கலந்துவிட்டால், எது ஏட்டில் இருந்தது, எது பதிப்பாசிரியரின் ஊகம் என்பதைப் பின்னர் எவராலும் பிரித்தறிய இயலாது.

படிகளை ஒப்பிடுவதற்கு ‘கொலேட்எக்ஸ்’ போன்ற மென்பொருள் உதவும். ஆனால் அதற்குமுன் எல்லாக் கோப்புகளையும், எழுத்துகளுக்குக் கணினிக் குறியெண் வழங்கும் தரமான யூனிகோடின் என்.எஃப்.சி. என்னும் சீராக்கிய வடிவத்திற்கு மாற்றியாக வேண்டும். ‘கொ’ என்பதிலுள்ள உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரு குறியெண்களாகவும் பதியலாம்; கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஒப்பீட்டை இரண்டாம் அடுக்கில் நடத்துங்கள். வேறுபாடு தோன்றும் ஒவ்வோர் இடத்திலும் முதல் அடுக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒரு படியில் ‘போர்’ என்றும் மற்றொன்றில் ‘பேரர்’ என்றும் வந்து, இரண்டின் முதல் அடுக்கும் ‘பெரர’ என்றே இருக்குமானால், அது பாடபேதம் (படிகளுக்கு இடையிலான உண்மையான பாட வேறுபாடு) அன்று. ஒரே எழுத்தை நீங்கள் இருமுறை இருவிதமாகப் படித்திருக்கிறீர்கள். அச்சுப் பதிப்பின் அடிக்குறிப்பில் இந்த வேறுபாட்டைக் காட்டுவது அரிது என்பதால், மின்பதிப்பின் மிகப் பெரிய பயனாக இதையே நான் கருதுகிறேன்.

கருவிகளில், குறியிட்ட கோப்பில் வேண்டிய பகுதியைத் தேடி எடுக்கும் எக்ஸ்பாத் மொழியை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஐயத்திற்குரிய எழுத்துகளை எல்லாம் ஒரே வரியில் தேடித் தொகுக்க அது போதும். பைத்தான் நிரல்மொழி பிறகு வரலாம். கணக்குச் சுவடியாயின், பின்ன எண்களுக்கும் அளவைக் குறிகளுக்கும் 2019-இல் யூனிகோடு 12-இல் சேர்ந்த தமிழ்த் துணைத் தொகுதியைப் பயன்படுத்துங்கள். ‘இஸ்கிரிப்டோரியம்’ போன்ற தானியங்கி எழுத்துணரிகளை, கையால் பெயர்த்தெழுதிய ஏடுகள் ஓரளவு சேர்ந்த பின்னரே நாடுங்கள். அவற்றைப் பயிற்றுவிப்பதற்கு வேண்டிய தரவு உங்கள் முதல் அடுக்கிலிருந்தே கிடைக்கும்.

பணி முடியும் தறுவாயில், ‘அன்கிளியர்’ எனக் குறித்த இடங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு நூலகத்திற்குச் சென்று, மூல ஏட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்துத் திருத்துங்கள். படத்தில் புள்ளியாகத் தெரிந்தது ஏட்டில் பூச்சித் துளையாக இருக்கக்கூடும்.