குறைந்த விலை இயர்போன், ஹெட்போன்: வீட்டிலேயே ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

ஐந்நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரம் ரூபாய் வரையிலான இயர்போன்களும் ஹெட்போன்களும் கடையில் சரம் சரமாகத் தொங்குகின்றன. எல்லாப் பெட்டிகளிலும் ஏறத்தாழ ஒரே வாசகங்கள்: '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை', 'ஆழமான பேஸ்', '40 மி.மீ. டிரைவர்'. ஹெர்ட்ஸ் என்பது ஒலி ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு; எண் குறைந்தால் பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி, கூடினால் கீச்சொலி. மனிதக் காது கேட்கக்கூடிய எல்லையே சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். அந்த எல்லைக்குள் எந்தப் பகுதி எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதுதான் ஒரு ஹெட்போனின் குணம். அதைப் பெட்டி சொல்வதில்லை. டிரைவரின், அதாவது உள்ளே ஒலியை எழுப்பும் பகுதியின், விட்டத்தை வைத்தும் எதையும் தீர்மானிக்க முடியாது.

விலை சொல்லுமா என்றால், அதுவும் சொல்லாது. 2017இல் ஒலி ஆய்வாளர் யெரூன் ப்ரேபார்ட், 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்ற முடிவு அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. குறைவான பணத்தோடு கடைக்குப் போகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. மலிவு விலையிலும் நல்ல ஒலி கிடைக்கும். ஆனால் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை நம்முடையது. அதை ஒழுங்காகச் செய்யும் வழியைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். போன், முடிந்தால் ஒரு மடிக்கணினி, ஒரு தாள், பேனா, ஓய்வான ஒரு மாலைப்பொழுது ஆகியவை போதும்.

படி 1: எதற்காக வாங்குகிறீர்கள் என்று எழுதுங்கள்

மலிவு விலையில் பொதுவாக நான்கு வகைகள் கிடைக்கின்றன. ரப்பர் முனையோடு காதுத் துளைக்குள் நுழைபவை, துளைக்கு வெளியே மடலின் குழியில் தொங்குபவை, காதின் மேல் அழுந்தி உட்காரும் சிறிய ஹெட்போன்கள், காதை முழுதாகச் சூழும் பெரிய ஹெட்போன்கள். பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் கேட்கப் போகிறவருக்கு முதல் வகை பொருந்தும். வெளிச்சத்தத்தை அது இயல்பாகவே அடைத்துவிடும். சமையலறையில் வேலை செய்துகொண்டே கேட்பவருக்கும், சாலையில் நடப்பவருக்கும் இரண்டாவது வகை நல்லது. அழைப்பு மணியும் வண்டிச் சத்தமும் காதில் விழும். வீட்டில் உட்கார்ந்து மணிக்கணக்காக வகுப்பு கேட்கும் மாணவருக்கு நான்காவது. மூன்றாவது வகை கைப்பைக்குள் அடங்கும் என்றாலும், காது மடலையே அழுத்துவதால் பலருக்கு விரைவில் வலிக்கும்.

ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்றை மட்டும் ஒப்பிடுங்கள். அதற்குமேல் போனால் எது எப்படி ஒலித்தது என்பது குழம்பிவிடும். வீட்டில் ஏற்கெனவே உள்ள ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் புதியதை அளக்க ஓர் அளவுகோல் கிடைக்கும்.

படி 2: போனில் இருக்கும் ஒப்பனைகளை நீக்குங்கள்

அமைப்புகளுக்குள் சென்று ஈக்வலைசர் (ஒலியின் தனித்தனிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி), டால்பி அட்மாஸ், பேஸ் பூஸ்ட் ஆகிய அனைத்தையும் அணைத்துவிடுங்கள். ப்ளூடூத் இயர்போனுக்கு நிறுவனத்தின் தனிச்செயலி இருந்தால் அதிலும் இயல்பு நிலையைத் தேர்ந்தெடுங்கள். இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அதையும் முதலில் அணைத்து வையுங்கள். மலிவான பலவற்றில் அதைப் போட்டவுடன் ஒலியின் தன்மையே மாறிவிடுகிறது. எதில் கேட்டாலும் ஒரே பாட்டு, ஒரே கோப்பு, ஒரே தரம். 3.5 மி.மீ. துளை இல்லாத போனுக்கு அடாப்டர் பயன்படுத்தினால், எல்லாவற்றுக்கும் அதே அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

படி 3: காதில் சரியாக அமர்த்துங்கள்

ரப்பர் முனை இயர்போனை "பேஸே இல்லை, தகரச் சத்தம்" என்று ஒதுக்குகிறவர்களில் பலருக்கு இயர்போனில் குறையே இருக்காது. முனை காதுத் துளையை அடைக்காமல் விட்டிருக்கும். சின்ன இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலிகள் அதன் வழியே கசிந்துபோய்விடும்.

சரிபார்ப்பது சுலபம். பேஸ் உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, விரலால் இயர்போனை மெல்ல உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் கூடினால் அடைப்பு சரியில்லை. பெட்டியில் வந்த வேறு அளவு முனையை மாட்டிப் பாருங்கள். பலரும் பெட்டியைப் பிரித்ததும் அதில் மாட்டியிருக்கும் நடுத்தர அளவையே கடைசிவரை பயன்படுத்துகிறார்கள். மற்ற முனைகள் மேசை இழுப்பறையில் தூங்குகின்றன. இரண்டு காதுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இடதுக்கு நடுத்தரம், வலதுக்குப் பெரியது என்று மாட்டுவதில் தவறில்லை.

மாட்டும்போது மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். வளைந்த துளை நேராகும். இயர்போனை லேசாகத் திருகி உள்ளே செலுத்தி மடலை விடுங்கள். கம்பி உள்ள இயர்போனில் நடக்கும்போது கம்பி சட்டையில் உரசும் சத்தம் கேட்டால், கம்பியைக் காதின் மேல் சுற்றி மாட்டுங்கள், பெரும்பகுதி அடங்கிவிடும்.

பெரிய ஹெட்போனில் அடைப்பைக் கெடுப்பவை மூக்குக்கண்ணாடியின் காம்பு, அடர்த்தியான முடி, தோடு, மாட்டல். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடுதான் ஒப்பிட வேண்டும். அதைக் கழற்றிவைத்துக் கேட்டு, "அருமையான பேஸ்" என்று வாங்கி வந்தால், அடுத்த நாளே அந்த பேஸ் காணாமல் போகும்.

படி 4: ஒலி அளவைச் சமமாக்குங்கள்

இதைச் செய்யாமல் செய்யும் எந்த ஒப்பீட்டையும் நான் ஏற்க மாட்டேன். இரண்டில் எது கொஞ்சம் உரக்க ஒலிக்கிறதோ அதுவே நம் காதுக்குத் தெளிவாகவும் செழிப்பாகவும் படும். டெசிபெல் என்னும் ஒலி அளவின் அலகில் சுமார் 1 வித்தியாசமே தீர்ப்பைச் சாய்த்துவிடும். மேலும், சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு பேஸ்தான் முதலில் தேய்கிறது. ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933லேயே அளந்து காட்டிய செய்தி இது. ஆகவே மெதுவாக ஒலிக்கும் இயர்போன், உண்மையில் இருப்பதைவிட பேஸ் குறைந்ததாகத் தோன்றும்.

கடையில் ஒரே வால்யூமில் இரண்டை மாற்றி மாற்றி மாட்டிக் காட்டுகிறார்களே, அங்கே வெல்வது பெரும்பாலும் அதிக உணர்திறன் கொண்டதுதான். ஒரே மின்திறனில் ஒன்று 100 டெசிபெலும் மற்றொன்று 106 டெசிபெலும் தந்தால், இரண்டாவதின் ஒலி அழுத்தம் முதலாவதைப் போல இரு மடங்கு.

செய்ய வேண்டியது இதுதான். பின்னணி இசை இல்லாத ஒரு செய்தி வாசிப்பையோ சொற்பொழிவையோ ஓடவிடுங்கள். முதல் இயர்போனில், எதிரே உட்கார்ந்து ஒருவர் இயல்பாகப் பேசும் அளவுக்கு வைத்து, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை மாட்டி, அதே குரல் அதே உரப்பில் கேட்கும்வரை கூட்டிக் குறைத்து அந்த எண்ணையும் குறியுங்கள். போனில் வால்யூம் படிகள் குறைவு; ஒரு படி ஏறினாலே பெரிய வித்தியாசம் வந்துவிடும். விண்டோஸ் கணினியில் 0 முதல் 100 வரை நகர்த்தலாம் என்பதால் நுணுக்கமாகச் சமப்படுத்த முடியும். இனி ஒவ்வொன்றையும் அதற்குரிய எண்ணில் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

படி 5: இடமும் வலமும்

அதே பேச்சுக்குரல் தலையின் நட்டநடுவில் கேட்க வேண்டும். இடப்பக்கம் சாய்ந்தால் இயர்போனை இடம் வலமாக மாற்றி மாட்டுங்கள். இப்போது வலப்பக்கம் சாய்ந்தால் போனின் அணுகல்தன்மைப் பகுதியில் உள்ள இட-வல அளவைப் பாருங்கள்; அது நடுவில் இருந்தால் குறை இயர்போனில், மாற்றி வாங்குங்கள். அப்போதும் இடமே சாய்ந்தால், மாட்டிய விதம் காரணமாக இருக்கலாம். அது சரியாக இருந்தும் தொடர்ந்து அப்படியே கேட்டால், ஒரு காது மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

படி 6: மூன்று ஒலிகள், மூன்று கேள்விகள்

ஒலியைப் பற்றிய நம் நினைவு மிகக் குறுகியது. முழுப் பாட்டையும் ஒன்றில் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் எதுவும் மனத்தில் நிற்காது. அரை நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து, முதலாவதில் ஒருமுறை, இரண்டாவதில் ஒருமுறை, மீண்டும் முதலாவதில் என்று கேட்டு, தோன்றுவதைத் தாளில் குறியுங்கள்.

பேஸுக்கு 1980களின் தமிழ்த் திரைப்பாடல் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பேஸ் கிட்டார் தனி வழியில் நடந்துகொண்டே இருக்கும் பாடல்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அந்த கிட்டாரின் சுரங்களை மட்டும் பின்தொடர்ந்து உங்களால் முணுமுணுக்க முடிகிறதா? முடிந்தால் நல்ல பேஸ். எல்லாச் சுரமும் ஒரே 'தும் தும்' ஆகக் கேட்டால், பேஸ் ஏராளமாக இருக்கிறது, தெளிவு இல்லை. மிருதங்கத் தனி ஆவர்த்தனமும் இதற்கு மிகப் பொருத்தம். தொப்பி எனப்படும் இடப்பக்கத்தின் கும்காரம் எழுந்து இறங்குவதும், வலந்தலை எனப்படும் வலப்பக்கத்தின் 'நம்', 'தின்' இரண்டும் வேறுவேறாக ஒலிப்பதும் கேட்க வேண்டும். மலிவு இயர்போன்களில் அடிக்கடி காணும் கோளாறு, தொப்பி மொத்த அறையையும் நிறைத்து வலந்தலையை மூடிவிடுவது.

நடுப்பகுதிக்குக் குரல். நன்றாகத் தமிழ் உச்சரிக்கும் ஒருவரின் பேச்சில் லகரமும் ளகரமும் ழகரமும் பிரிந்து கேட்கின்றனவா என்று கவனியுங்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் நடுப்பகுதி பள்ளமாக இருக்கிறது. வகுப்புகளும் கூட்டங்களும் கேட்க வாங்குகிறவர்கள் பேஸை மறந்துவிட்டு இதை மட்டும் பார்த்தாலே போதும்.

உச்சப்பகுதிக்கு, பெண் குரலில் 'ஸ', 'ஷ' வரும் இடங்கள், சலங்கை, ஜாலரா. சீறல் காதைக் குத்தினால் அந்த இயர்போனில் நீண்ட நேரம் கேட்க முடியாது. முதல் ஐந்து நிமிடம் இதையே "என்ன துல்லியம்!" என்று நினைக்கத் தோன்றும். அரை மணி நேரம் கழித்து மறுபடி கேட்டு எழுதுங்கள். தம்புரா ஒலி இதற்கு நேர்மாறான சோதனை. அதன் ரீங்காரத்தின் மினுமினுப்பு அடங்கி வெறும் முனகலாகக் கேட்டால் உச்சப்பகுதி போதவில்லை.

எது எந்த விலை என்று நமக்குத் தெரிந்திருப்பதால் மனம் சாயத்தான் செய்யும். விலை தெரியாத ஒருவரை வீட்டில் தனியாகக் கேட்கச் சொல்லி, அவருடைய குறிப்பை உங்களுடையதோடு ஒப்பிடுங்கள்.

படி 7: ஒரு மணி நேரம் அணிந்திருங்கள்

இதை வேறொரு நாளில், வேலை பார்த்துக்கொண்டே செய்யுங்கள். ஒலியைக் கவனிக்க வேண்டாம், உடம்பைக் கவனியுங்கள்.

பெரிய ஹெட்போன் என்றால் எங்கே வலிக்கிறது என்பது காரணத்தைச் சொல்லிவிடும். உச்சந்தலையில் வலித்தால் எடையோ மெத்தை இல்லாத பட்டையோ காரணம். தாடையின் மேற்பகுதி வலித்தால் இறுக்கம். காது மடலின் நுனி வலித்தால், உள்ளே ஆழம் போதாமல் காது டிரைவரின் மூடியில் முட்டுகிறது. இதற்குத் தீர்வே கிடையாது, அந்த மாடலை விட்டுவிடுங்கள். இறுக்கத்தை மட்டும் ஓரளவு தளர்த்தலாம். பட்டைக்குள் உலோகத் தகடு இருந்தால், தலையைவிடச் சற்று அகலமாகப் புத்தகங்களை அடுக்கி இரவு முழுவதும் அதன்மேல் மாட்டிவையுங்கள். முழுவதும் பிளாஸ்டிக் என்றால் செய்யாதீர்கள், உடைந்துவிடும்.

நம் ஊர் வெயிலுக்குச் செயற்கைத்தோல் உறை பெரிய சோதனை. மின்விசிறிக்குக் கீழேகூட காதைச் சுற்றி வியர்த்துவிடும். துணி உறை காற்றோட்டம் தரும். ஆனால் பேஸ் சற்றுக் கசியும். எடை குறைந்த ஸ்பாஞ்சு வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு, 1984இல் வெளிவந்து இன்றும் ஏறத்தாழ அதே வடிவில் விற்கப்படும் காஸ் போர்ட்டா ப்ரோ. தலையில் இருப்பதே தெரியாது. ஆனால் வெளிச்சத்தம் முழுதும் உள்ளே வரும்; நம் பாட்டும் பக்கத்து இருக்கைக்குக் கேட்கும்.

இயர்போனுக்கு: அணிந்தபடியே பேசுங்கள், முறுக்கு தின்னுங்கள், மாடிப்படி ஏறுங்கள். தாடை அசையும்போது நழுவுகிறதா? அடி எடுத்துவைக்கும் ஒவ்வொரு முறையும் தலைக்குள் தொம் தொம் என்கிறதா? துளையை அடைத்தால் இது ஓரளவு இருக்கும். தாங்க முடியாவிட்டால் மடலில் தொங்கும் வகையே உங்களுக்கு ஏற்றது. கழற்றிய பிறகும் துளைக்குள் வலி இருந்தால் முனை பெரிது.

படி 8: மைக், தாமதம்

மின்விசிறியைப் போட்டு, உங்கள் குரலைப் பதிவுசெய்து, தெளிவாக இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பி இல்லாதவற்றில் ஒலி சற்றுப் பிந்தி வரும்; வீடியோ பார்ப்பதற்குப் பெரும்பாலும் சிக்கல் இராது. செயலிகள் படத்தைத் தாமதப்படுத்தி ஒலியோடு பொருத்திவிடும். விளையாட்டுகளில் அது முடியாது என்பதால் விளையாடுகிறவர்கள் கம்பி உள்ளதை வாங்குவதே மேல்.

படி 9: முடிவு செய்யுங்கள்

ஒலித் தரத்துக்கும் அணியும் வசதிக்கும் தனித்தனியே பத்துக்கு மதிப்பெண் இடுங்கள். இரண்டும் மோதினால் என் தேர்வு வசதிதான். கூடுதலான பேஸை ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்கு அருகே 3 அல்லது 4 டெசிபெல் குறைத்தால் குரல் வெளியே வந்துவிடும். சீறலை 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் அதேபோல் குறைக்கலாம். கூட்டுவதைவிடக் குறைப்பதே மலிவு டிரைவர்களுக்கு நல்லது. கூட்டினால் ஒலி சிதையும். காதை அழுத்தும் பட்டைக்கு இப்படி ஒரு திருத்தம் எந்தச் செயலியிலும் இல்லை.

வாங்கிய பின் ஒலி அளவு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு, 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி. பஸ் இரைச்சலை வெல்ல வால்யூமை ஏற்றுகிறவர்கள் இந்த வரம்பை அறியாமலே தாண்டிவிடுகிறார்கள். நன்றாக அடைக்கும் முனை இருந்தால் ஏற்றவே தேவை வராது.

காதுக்குள் போகும் பொருள் என்பதால் பல கடைகள் பிரித்த பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லை. பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பில்லின் பின்புறத்தில் உங்களுக்குப் பொருந்திய முனையின் அளவையும் படி 4இல் குறித்த எண்ணையும் எழுதி வைத்தால், அடுத்த முறை ஒப்பிடும்போது உதவும்.