பெர்க்கில் பனி விழுந்திருக்கிறதா? மேலே நடக்கும் முன்

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் வளர்ந்த நமக்குப் பனி என்றால் காரில் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான். காரை விட்டு இறங்கி டிராக்கன்ஸ்பர்க் மலைமேல், அதாவது நாம் சுருக்கமாகச் சொல்லும் பெர்க்கில், நடக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வானிலை. நம் குளிர்காலம்போலப் பனியும் ஆகஸ்டோடு முடிந்தது என்று நம்பிவிடாதீர்கள். 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில், புரட்டாசி விரதம் தொடங்கிய அதே வாரத்தில், வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 நெடுஞ்சாலை அடைபட்டது. வண்டிகள் இரவெல்லாம் அங்கேயே நின்றன. டர்பன் வெயிலும் கணக்கில் வராது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். பெர்க்கில் உள்ள சானி கணவாயின் உச்சியோ 2,876 மீட்டர்.

அடுத்து, சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். ஐரோப்பியக் காணொளிகளில் வடக்குச் சரிவுதான் நிழல் என்பார்கள். இங்கே சூரியன் வடக்கே இருப்பதால் தெற்குச் சரிவுதான் நிழல். அங்கே பகலில் லேசாக இளகும் பனி, இரவில் கண்ணாடிபோல் இறுகிவிடும். பெர்க்கில் நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். கால் வழுக்கினால் நிற்க முடியாது. ஒரு ஜூலை காலையில் உச்சிக்கு இருநூறு மீட்டர் கீழே இப்படி ஒரு இடுக்கில் நின்றோம். "அண்ணா, இன்னும் கொஞ்சம்தானே" என்றான் தம்பி. திரும்பிவிட்டோம். காலில் கட்டும் இரும்பு முட்களும் பனிக்கோடாலியும் வேண்டும், அவற்றைப் பழகியிருக்கவும் வேண்டும். வெறும் பூட்ஸ் போதாது.

இனி பனிச்சரிவு, அதாவது மலைமேல் படிந்த பனி திடீரென்று பெயர்ந்து கீழே விழுவது. இங்கே பனி பெரும்பாலும் சில நாளில் உருகிவிடுவதால் ஆல்ப்ஸ் அளவுக்கு அடிக்கடி நேராது. ஆனால் காற்று, முகட்டின் மறுபுறம் பனியை அள்ளிக் குவிக்கும். கீழடுக்கு வலுவில்லாமல் இருந்தால், மேலே இறுகிய பாளம் உங்கள் எடைக்கே பிளந்து சரியும். 30 முதல் 45 டிகிரி சரிவுதான் மிக ஆபத்து. அளப்பது சுலபம்: ஒரே நீளமுள்ள இரண்டு நடைக்கோல்களை எடுங்கள். ஒன்றின் முனையைச் சரிவில் ஊன்றி, கோலை வெளிப்பக்கமாகக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து இன்னொன்றை நேர்கீழே இறக்குங்கள். அதன் பாதிக்குச் சற்று மேலான நீளத்திலேயே பனி தட்டினால் 30 டிகிரி. முழு நீளமும் இறங்கித் தட்டினால் 45.

காலடியில் 'தொம்' என்ற ஓசை, பாதத்திலிருந்து ஓடும் விரிசல், பக்கத்தில் புதிதாகச் சரிந்த பனி, இதில் ஒன்று கண்டாலும் வந்த வழியே திரும்புங்கள். கடந்தே ஆகவேண்டிய இடத்தை ஒவ்வொருவராகக் கடக்க, மற்றவர்கள் பத்திரமான இடத்திலிருந்து கண்ணெடுக்காமல் பார்க்கட்டும். புதைந்தவருக்கு முதல் 15 நிமிடம்தான் உயிர். கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும்.

சரி, கிளம்பும் முன் பூங்கா அலுவலகத்தின் மலையேற்றப் பதிவேட்டில் பெயர், வழி, திரும்பும் நாள் எழுதுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள். இறங்கியதும் மறக்காமல் பதிவை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்களைத் தேடி அந்தக் குளிரில் ஆட்கள் கிளம்புவார்கள்.