வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு திருகோணமலையில் காணி வாங்குவது எப்படி?

நான் வேலை செய்வது திருகோணமலையில் ஒரு நொத்தாரிஸ் கந்தோரில். 2009-ல் யுத்தம் முடிந்து, 2015-ல் ஆட்சியும் மாறியபின், வெளியில் இருந்து வந்து காணி விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் முதலில் கேட்பது, “நிலாவெளியில் ஒரு பேர்ச் காணி என்ன விலை?” நாங்கள் திருப்பிக் கேட்பது, “கையில் என்ன பாஸ்போர்ட்?”

முதற்படி: பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

உவர்மலையில் பிறந்து கோணேசர் கோயிலில் காது குத்தியவராகவே இருங்கள். கனடாக் குடியுரிமை எடுத்தபோது இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்கவில்லை என்றால், சட்டப்படி நீங்கள் வெளிநாட்டவர். வெளிநாட்டவர் பெயருக்குக் காணியை அறுதியாக எழுதக் கூடாது என்பது 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டம். அது 2013 ஜனவரி 1-இல் இருந்தே செல்லும். முன்பு 100 வீத வரி கட்டியாவது வாங்கலாம் என்றிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

வழி இருக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவரை இந்தத் தடை கட்டுப்படுத்தாது. 2011-ல் நிறுத்திவைத்த அந்த நடைமுறையை 2015-ல்தான் திரும்பத் தொடங்கினார்கள். தூதரகம் வழியாகவோ பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்திலோ விண்ணப்பியுங்கள். அது கிடைக்கும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். பெற்றோரின் காணி நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ உரிமை வழியாகவோ பிள்ளைக்கு வருவதென்றால் சட்டம் தடுக்காது. அதுவும் இல்லையென்றால் குத்தகை. அதிகபட்சம் 99 வருடம்.

“மச்சான் பெயரில் எழுதுவோமே” என்பார்கள். எழுதாதீர்கள். லண்டனில் இருந்து வந்த ஒரு அண்ணா அலஸ்தோட்டத்தில் அப்படித்தான் வாங்கினார். மச்சான் திடீரென்று இறந்துபோய்விட்டார். காணி இப்போது அவருடைய மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும். அண்ணாவிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம் மட்டும்.

இரண்டாம் படி: உறுதியை வாசியுங்கள்

உறுதி (சொந்தக்காரர் யார் என்று காட்டும் பத்திரம்) உள்ள காணியா, பேர்மிட் காணியா என்று கேளுங்கள். பேர்மிட் என்றால் அரச காணி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. உறுதி இருந்தால் காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்காவது தேடச் சொல்லுங்கள். ஈடு வைத்திருந்தால், வழக்குப் பதிந்திருந்தால் அங்கே தெரியும்.

அப்புறம் அட்டவணையை, அதாவது உறுதியில் எல்லைகள் எழுதியிருக்கும் பகுதியை, நிதானமாக வாசியுங்கள். போன மாதம் பார்த்த உறுதி ஒன்றில், “கிழக்கு: கடற்கரை ஒற்றையடிப் பாதை, தெற்கு: இரண்டு பனை” என்று இருந்தது. பனை இரண்டையும் 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. அதே உறுதியில் கடைசி வரியில் “பிரிக்கப்படாத ஏழில் ஒரு பங்கு” என்றும் இருந்தது. தரகர் அந்த வரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. மற்ற ஆறு பங்காளிகளைத் தேட யார் நோர்வேக்கும் சிட்னிக்கும் போவது?

மூன்றாம் படி: காணிக்குள் போய் நில்லுங்கள்

சேவையரைக் கூட்டிப்போய் பிளானோடு எல்லைக்கல்லை ஒப்பிடுங்கள். யாராவது குடியிருந்தால் எத்தனை வருடம் என்று விசாரியுங்கள். 10 வருடம் காணியைத் தம் கையில் வைத்திருந்ததைக் காட்டி உரிமை கேட்க இடமுண்டு. யுத்தத்தால் வர முடியாமல் போனவர்களைக் காக்க 2016-ல் தனிச்சட்டம் வந்தது என்றாலும், வழக்கோடு சேர்த்து வாங்குவதில் என்ன லாபம்?

கடற்கரைக் காணி என்றால் இன்னொன்று. உயர்நீர் மட்டத்தில் இருந்து 300 மீற்றர் வரை கரையோரப் பாதுகாப்பு வலயம். அதற்குள் கட்ட அனுமதி வேண்டும். வன இலாகாவோ தொல்பொருள் திணைக்களமோ எல்லை போட்டிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கிராம சேவகருக்கு அநேகமாகத் தெரிந்திருக்கும்.

நான்காம் படி: காசும் கையெழுத்தும்

காசை உறவினர் கையில் அனுப்பாமல் வங்கி வழியாக, உள்முக முதலீட்டுக் கணக்கில் கொண்டுவாருங்கள். பின்னாளில் விற்றுக் காசை வெளியே எடுக்க அந்தப் பதிவு தேவைப்படும். உறுதி நொத்தாரிஸ் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். நீங்கள் வர முடியாவிட்டால் உங்களுக்காகக் கையெழுத்திட ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (அதிகாரப் பத்திரம்) கொடுக்கலாம். அதில் எந்தக் காணி, என்ன வேலை என்று குறித்துக் கொடுங்கள். எல்லா அதிகாரத்தையும் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

எழுதிய உறுதி பதிவகத்துக்குப் போகச் சுணங்கினால், அதே காணியை விற்றவர் இன்னொருவருக்கும் எழுதி, அவர் முந்திப் பதிந்துவிடலாம். அதனால் பதிவு இலக்கம் விழுந்த உறுதியைக் கண்ணால் பார்த்த பிறகு திரும்பிப் போக டிக்கெட் போடுங்கள்.