நீலகிரி பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரி மாவட்டம் பற்றிய கட்டுரைகளில் பாதி, 'ஊட்டியைக் கண்டுபிடித்தவர் ஜான் சல்லிவன்' என்றே தொடங்குகின்றன. கோவை கலெக்டரான சல்லிவன் மலையேறியது 1819இல். 1603லேயே ஃபெனிசியோ என்ற பாதிரியார் மலபார் பக்கமிருந்து ஏறிவந்து மலைவாழ் மக்களான தோடர்களையும் படகர்களையும் சந்தித்துவிட்டார். 1117ஆம் ஆண்டு ஹொய்சளக் கல்வெட்டு ஒன்று, மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றியதாகப் பெருமை பேசுகிறது. தோடர் எருமை மேய்க்க, கோத்தர் இரும்படிக்க, படகர் பயிரிட, குறும்பர் தேன் கொண்டுவர, பண்டமாற்றில் வாழ்ந்த மலை இது. சல்லிவன் ஊட்டி நகரத்தை உருவாக்கினார் என்று எழுதினால் போதும், அதில் பொய்யில்லை. ஊட்டி ஏரியும் அவர் வெட்டுவித்ததுதான். அதை இயற்கை ஏரி என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

தொட்டபெட்டா (2,637 மீ.) தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரம்தான்; தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரம் என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பெருமை கேரளத்து ஆனைமுடிக்கு (2,695 மீ.).

இவற்றைவிடப் பெரிய தவறு, ஊட்டியை வைத்து மாவட்டம் முழுவதையும் அளப்பது. மழையையே பாருங்கள். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டுவது தென்மேற்குப் பருவமழை; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் அங்கே அஞ்ச வேண்டியது வடகிழக்குப் பருவமழைக்கு. 2009 நவம்பரில் மண்சரிவு உயிர்களைக் கொண்டுபோனது அந்தப் பக்கத்தில்தான். 'நீலகிரியில் மழைக்காலம்' என்று ஒரே வரியில் எழுதினால் பாதி மாவட்டத்துக்குப் பொருந்தாது.

கூடலூரின் கதையும் தனி. நில அமைப்பின்படி அது வயநாட்டின் தொடர்ச்சி. மலபாரிலிருந்து பிரித்து 1877இல்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். அதனால்தான் ஜென்ம நிலம் (மலபார் முறைப்படி நிலவுடைமைக் குடும்பங்களுக்குப் பரம்பரை உரிமையாக இருந்த நிலம்) என்ற சிக்கல் அங்கே இருக்கிறது. 1969இல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தும் வழக்குகள் பல பத்தாண்டுகள் இழுத்தன. இது தெரியாமல் அங்குள்ள பட்டாப் பிரச்சினையைப் பற்றி எழுதாதீர்கள்.

தேயிலைத் தோட்டத்துப் படத்துக்குக் கீழே 'இயற்கை எழில்' என்று போடுவதையும் விட்டுவிடலாம். மேல்மலையின் இயற்கை என்பது சோலைக்காடும் புல்வெளியும். தரிசு என்று தவறாகக் கருதிப் புல்வெளிகளில் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) நட்டார்கள். இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை.

மலை ரயிலைப் பற்றியும் ஒரு திருத்தம்: ரயில் சறுக்காமல் ஏறத் தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களைப் பற்றிக்கொள்ளும் பல்சக்கர அமைப்பு 46 கி.மீ. பாதை முழுவதும் கிடையாது. கல்லாறு முதல் குன்னூர் வரையிலான செங்குத்தான ஏற்றத்தில் மட்டும்தான். 1899இல் குன்னூர் வரை ஓடிய ரயில், ஊட்டியைத் தொட்டது 1908இல்.