பன்னிப் புல்வெளிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

பன்னி என்றதும் சிரிப்பு வருகிறதா? வரட்டும், எனக்கும் வந்தது. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், ‘ரண்’ எனப்படும் வெள்ளை உப்புப் பாலைக்கு முன்னால் சுமார் 2500 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கும் வறண்ட புல்வெளியின் பெயர் அது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ‘உண்டான’ (இந்தியில் ‘பனீ’) நிலம், அதனால் பன்னி என்று பெயர்க் காரணம் சொல்கிறார்கள். நம்மவர்கள் பெரும்பாலும் இதை கார் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்து, உப்பு வெளியில் நின்று நாலு படம் எடுத்து, அன்றிரவே மாவட்டத் தலைநகர் பூஜுக்குத் திரும்பிவிடுவார்கள். நானும் முதல் தடவை அதையேதான் செய்தேன். இரண்டாவது தடவை ஹோட்கா என்ற ஊரில் இரண்டு இரவு தங்கினேன், அப்புறம்தான் முதல் தடவை எதையுமே பார்க்கவில்லை என்று தெரிந்தது. அந்த இரண்டாவது பயணத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள். வெயில் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டும். மழைக்காலத்தில் பாதி புல்வெளி சேறாகிவிடும். குளிர்காலத்தில் பகல் இதமாக இருக்கும், ஆனால் ராத்திரி நடுங்க வைக்கும், எனவே ஸ்வெட்டர் கட்டாயம். உப்பு வெளியின் ஓரத்தில் உள்ள தோர்டோ கிராமத்தில் கூடார நகரம் போட்டு ரண் திருவிழா நடப்பதும் இதே மாதங்களில்தான். கூட்டம் பிடிக்காதவர்கள் பௌர்ணமியையும் சனி, ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: பூஜ் வரை

நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கேரளா வழியாக காந்திதாமுக்கு வாராந்திர ரயில்கள் இருக்கின்றன. அங்கிருந்து பூஜ் சுமார் 60 கிலோமீட்டர். சென்னைக்காரர்கள் அகமதாபாத் போய் மாறலாம். பூஜில் விமான நிலையமும் உண்டு.

படி 3: கிளம்புவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

எல்லைப் பகுதி என்பதால் வெள்ளை ரண்ணுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஆன்லைனில் எடுக்கலாம், எடுத்ததை அச்சடித்து ஆதார் நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு போனில் தேடினால் சிக்னல் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அதே காரணத்துக்காகச் சில்லறை நோட்டுகளும் வேண்டும். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். குஜராத்தில் மதுவிலக்கு என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பையில் பாட்டிலோடு ஒரு குடும்ப வீட்டில் போய்த் தங்குவது சட்டப் பிரச்சினை மட்டும் அல்ல.

தங்குமிடத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஹோட்காவில் ஊர்க்காரர்களே நடத்தும் விடுதி இருக்கிறது, சுற்றிலும் வீட்டோடு தங்கவைப்பவர்களும் இருக்கிறார்கள். ‘பூங்கா’ கிடைக்குமா என்று கேளுங்கள். நம்ம ஊர்ப் பூங்கா இல்லை, தடித்த மண் சுவரும் கூம்புக் கூரையும் கொண்ட வட்ட வீடு. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் பூஜில் மாடிக் கட்டடங்கள் சரிந்தபோது இந்த வட்ட வீடுகள் பல அப்படியே நின்றன. உள்ளே சுவரெல்லாம் மண்ணில் பூ வேலை செய்து, சின்னச் சின்னக் கண்ணாடி பதித்திருப்பார்கள். ஒரு விளக்கு ஏற்றினால் போதும், அறை முழுக்க மினுங்கும்.

படி 4: வழியில் இறங்குங்கள்

பூஜிலிருந்து வடக்கே போகும் அரசு (எஸ்.டி.) பஸ்ஸும் உண்டு, வாடகைக் காரும் உண்டு. வழியில் கடகரேகையைக் கடப்பீர்கள், பலகை இருக்கும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிரண்டியாராவில் கட்டாயம் இறங்கி மாவா சாப்பிடுங்கள், நம்ம ஊர்ப் பால்கோவாவின் ஒன்றுவிட்ட அண்ணன். எருமைப்பால், அதனால் கொஞ்சம் போதும்.

இங்கிருந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் ஒரு ஏமாற்றம் வரும். புல்வெளி என்று வந்தால் மைல் கணக்கில் சீமைக் கருவேலம்! ராமநாதபுரத்துக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும். உப்புப் பாலை முன்னேறி வருவதைத் தடுக்க 1960களில் வனத்துறை போட்ட விதை, காய்களைத் தின்ற மாடுகள் சாணத்தோடு அதை எங்கும் பரப்பிவிட்டன. அங்கே இதற்குப் பெயர் ‘காண்டோ பாவள்’, அதாவது பைத்தியக் கருவேலம். வெட்டிக் கரி சுடுவதும் நம்ம ஊர் மாதிரியே. யாரிடமாவது பேச்சு ஆரம்பிக்க வேண்டுமென்றால், எங்கள் ஊரிலும் இதே மரம்தான் என்று சொல்லுங்கள், அரை மணி நேரம் ஓடிவிடும்.

படி 5: விருந்தாளியாக இருங்கள்

கஷ்டமான படி இதுதான், ஏனென்றால் நமக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

ஊருக்குள் நடந்தால் யாராவது ஒருவர் டீ குடிக்கக் கூப்பிடுவார். சும்மா மரியாதைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து ‘பரவாயில்லை’ என்று நகர்ந்துவிடாதீர்கள். போங்கள். பன்னியில் இருப்பவர்கள் பெரும்பாலும் மால்தாரிகள், கால்நடை வளர்ப்பவர்கள். நிறைய ஊர்கள் முஸ்லிம் ஊர்கள், கூடவே மேக்வால் என்ற இந்து சமூகத்துக் குடும்பங்களும் உண்டு. சலாம் அல்லது ராம் ராம், எதிரில் இருப்பவர் சொல்வதையே திருப்பிச் சொன்னால் போதும். வீட்டில் பேசுவது கட்ச் பகுதியின் ‘கட்சி’ மொழி, நம்முடைய உடைந்த இந்தியை வைத்துச் சமாளிக்கலாம். ஆண்களைப் பெயரோடு ‘பாய்’ என்றும் பெண்களை ‘பென்’ என்றும் கூப்பிடுங்கள்.

செருப்பை வெளியே விடுங்கள். முதலில் தண்ணீர் வரும். அதை வீணாக்காதீர்கள், நிலத்தடி நீர் உப்பான ஊர் அது. பள்ளங்களில் ஆழமில்லாத கிணறு தோண்டி, உப்புநீரின் மேலே தங்கி நிற்கும் மழைநீரை மட்டும் எடுக்கும் ‘விர்தா’ முறை அவர்களுடையது, வாய்ப்புக் கிடைத்தால் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் டீ, முழுக்கப் பாலில் கொதித்தது. சாஸரில் ஊற்றிக் குடிப்பார்கள், நீங்களும் ஊற்றுங்கள். குடித்து முடித்ததும் பர்ஸை எடுக்காதீர்கள், நான் ஒரு தடவை எடுத்தேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை, முகம் மட்டும் மாறிவிட்டது. தங்கும் இடத்துக்குப் பணம் கொடுங்கள், துணி வாங்கினால் பணம் கொடுங்கள், டீக்குக் கொடுக்காதீர்கள்.

பெண்கள் எம்பிராய்டரி எடுத்துக் காட்டுவார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கை வேலையா மெஷின் வேலையா என்று கொஞ்சம் பிடிபடும். மாதக் கணக்கில் உட்கார்ந்து தைத்ததைப் பாதி விலைக்குக் கேட்பதைவிட வாங்காமலே வரலாம். பெண்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாவது தடவை கேட்காதீர்கள்.

சாப்பாடு கம்பு ரொட்டி, நெய், வெல்லம், மோர், கிச்சடி. போதும் என்றால் இன்னொரு ரொட்டி என்று அர்த்தம் போலிருக்கிறது.

படி 6: விடிவதற்குள் எழுந்திருங்கள்

பன்னி எருமைகள் ராத்திரியில்தான் மேயப் போகும். பகல் வெயிலுக்காக மால்தாரிகள் பழக்கியது, மந்தை தானாகப் போய் விடியற்காலையில் தானாகவே வீடு திரும்பிவிடும். 2010ல் இதைத் தனி இனமாக அங்கீகரித்தார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஊர் எல்லையில் நில்லுங்கள். முதலில் மணிச் சத்தம், அப்புறம் புழுதி, கடைசியில்தான் சுருண்ட கொம்புகள் தெரியும். இந்த மணிகளைச் செய்பவர்கள் நிரோனா என்ற ஊரில் இருக்கிறார்கள், திரும்பும்போது சுற்றுவழியில் போனால் பார்க்கலாம்.

படி 7: காவ்டா, காலோ டூங்கர்

நேரம் இருந்தால் மட்டும். காவ்டா சின்னக் கடைத்தெரு ஊர், வண்ணம் தீட்டிய மண்பாண்டத்துக்குப் பேர்போனது. அங்கிருந்து 25 கிலோமீட்டரில் காலோ டூங்கர், 462 மீட்டர், கட்சிலேயே உயரமான இடம். மேலே நின்றால் பழுப்புப் புல்வெளி முடிந்து வெள்ளை உப்பு தொடங்கும் கோடு தெரியும். இந்தச் சாலையில் இப்போது லாரிகள் அதிகம், காவ்டாவுக்கு அப்பால் பிரம்மாண்டமான சூரிய, காற்றாலைப் பூங்கா எழும்பிக்கொண்டிருக்கிறது, அதனால் இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

கிளம்பும் நாளுக்கு ஒரு குறிப்பு: பஸ் 9 மணிக்கு என்றால் 8 மணிக்கே விடைபெற ஆரம்பியுங்கள். முதல் வீட்டில் ஒரு டீ, எதிர் வீட்டில் ஒரு டீ, பஸ் நிறுத்தத்தில் ஏற்கெனவே டீயோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.