வண்டி இழுக்கவில்லையா? ஆட்டோமேட்டிக் டீசலில் டர்போவைக் குறை சொல்லும் முன்

சிக்னலில் பச்சை விழுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி அசைவதில்லை. பின்னால் நிற்கும் ஆட்டோ இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகு திடீரென்று பாய்கிறது. உங்கள் வண்டியும் இப்படித்தான் என்றால், "டர்போ போயிடுச்சு சார்" என்று யாராவது சொல்வதற்குள் நீங்களே சிலவற்றைப் பார்த்துவிடலாம். ஸ்க்ரூடிரைவர், டார்ச், செல்போன், அதில் எஞ்சின் தகவலைக் காட்டும் ஓபிடி அடாப்டர் என்ற சிறு கருவி இருந்தால் போதும்.

முதலில் ஒரு விஷயம். கொஞ்சம் தயக்கம் இந்த வண்டிகளின் பிறவிக்குணம். நிற்கும்போது டீசல் எஞ்சின் 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 சுற்று) அளவில் ஓடும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவைச் சுழற்றுவது எஞ்சின் வெளியே தள்ளும் சூடான வாயு. அது போதிய அளவு வர, பெரும்பாலான வண்டிகளில் 1500-ஐத் தாண்ட வேண்டும். அதுவரை டர்போ இருந்தும் இல்லாத மாதிரிதான். வாங்கிய நாளிலிருந்தே ஒரு நொடி தாமதம் இருந்தால் விட்டுவிடுங்கள். போன மாதம் வரை நன்றாக ஓடிய வண்டி இப்போது மந்தமாகிவிட்டது என்றால்தான் கீழே உள்ளவை.

படி 1: முள்ளைப் பாருங்கள்

எஞ்சின் சூடான பிறகு, கூட்டமில்லாத சமதளச் சாலைக்குப் போங்கள். ஏசியை அணைத்து, ஈகோ மோடில் இருந்தால் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் மீட்டரை வீடியோ எடுக்கட்டும். நின்ற நிலையிலிருந்து பாதி அளவுக்கு மிதித்துக் கிளம்புங்கள். மூன்று முறை.

வீடியோவில் ஆர்பிஎம் முள்ளும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் எஞ்சின் பக்கம்: காற்றோ டீசலோ போதவில்லை. முள் 3000 வரை விறுவிறுவென்று ஏறியும் வண்டி நகரவில்லை என்றால் கியர்பாக்ஸ் பக்கம். டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியே விசையைக் கடத்தும் அமைப்பு) உள்ள வண்டியில் முள் கொஞ்சம் முந்திக்கொண்டு ஏறுவது சகஜம், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கியர்பாக்ஸ் பக்கம் என்றால் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். டார்க் கன்வெர்ட்டரில் ஆயிலின் அளவையும் நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் டிசையர் போல லீவரில் 'பி' இல்லாத ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் மேனுவல் கியர்பாக்ஸ்) என்றால் கிளட்ச் தேய்மானத்தை. பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதித்துச் சோதிக்கும் வீடியோக்களைப் பார்த்து வீட்டில் முயலவே வேண்டாம். சில நொடிகளிலேயே ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும்.

படி 2: காசில்லாக் காரணங்கள்

பெடலுக்கு அடியில் மேட் சுருண்டு முட்டுகிறதா? டயரில் காற்று சரியா? பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

படி 3: ஏர் ஃபில்டர்

கிளிப்பையோ ஸ்க்ரூவையோ கழற்றினால் பெட்டி திறந்துவிடும். செம்மண் படிந்து கறுத்திருந்தால் புதிது போடுங்கள். வண்டி நாலைந்து நாள் நின்றிருந்தால் எலியையும் சந்தேகியுங்கள். ஒருமுறை என் நண்பர் வண்டியில் ஃபில்டர் மேல் தேங்காய் நாரும் கிழிந்த துணியுமாக ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது!

படி 4: காற்றழுத்தத்தை எண்ணில் பாருங்கள்

ஓபிடி அடாப்டர் ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, செல்போன் செயலியில் 'இன்டேக் மேனிஃபோல்டு பிரஷர்' (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) என்பதைத் திறங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், சென்னையில் 100 கிலோபாஸ்கல் அளவில் காட்ட வேண்டும். அது வெளிக்காற்றின் அழுத்தம். ஊட்டியில் அதே வண்டி 77 அளவில்தான் காட்டும். மலையில் வண்டி இன்னும் சோம்பலாகக் கிளம்புவது இதனால்தான்.

இப்போது ஓட்டுங்கள். 2000 ஆர்பிஎம்மைத் தாண்டி அழுத்தி மிதிக்கும்போது எண் 200-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ போனால் டர்போ குற்றவாளி இல்லை. டீசல் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள் என்று பாருங்கள். 120-ஐத் தாண்டவே திணறினால் அடுத்த படி.

படி 5: ஹோஸ்

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (காற்றைக் குளிர்விக்கும் பகுதி), அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் தடித்த ரப்பர் ஹோஸ்களை டார்ச் அடித்துப் பாருங்கள், அடிப்பக்கத்தைக் கையால் தடவுங்கள். மேலே பார்க்க நன்றாக இருக்கும்; வெடிப்பு கீழேதான் ஒளிந்திருக்கும். லேசான எண்ணெய்ப் பிசுபிசுப்பு பரவாயில்லை. ஒரே இடத்தில் ஈரமாக வழிந்து, அதன் மேல் தூசி அப்பியிருந்தால் அங்கேதான் காற்று கசிகிறது. மிதிக்கும்போது 'புஸ்' என்ற சத்தமும் கேட்கும்.

என் வண்டிக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் புது டர்போவுக்கே எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். இன்டர்கூலர் பக்கம் ஒரு கிளாம்ப் தளர்ந்து, ஹோஸ் விரல் நுனி அளவு நழுவியிருந்தது. ஹோஸை உள்ளே தள்ளி கிளாம்பை இறுக்கினேன். 118-இல் நின்றுகொண்டிருந்த எண் அன்று மாலை 210-ஐத் தொட்டது.