பெரிய எஸ்யூவியின் கம்பெனி டயரை மாற்றுவது எப்படி?

வண்டியோடு வந்த கம்பெனி டயரை முதல் முறையாக மாற்றப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதுவும் ஏழு பேர் ஏறி, பின்னால் பெட்டிகளும் அடுக்கிப் போகிற பெரிய எஸ்யூவிக்கு. டயரைக் கழற்றி மாட்டுவதைக் கடையில் மெஷின் பார்த்துக்கொள்ளும். எந்த டயர் என்று முடிவு செய்வதும், மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதும் நம் வேலை.

1. நேரம் வந்துவிட்டதா என்று பாருங்கள்

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காகச் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகள், அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். நான் அதுவரை காத்திருக்க மாட்டேன், 3 மி.மீ. ஆனதுமே மாற்றிவிடுவேன். ஈரச் சாலையில் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். அவை ஆழம் குறைந்தால் டயர் தண்ணீர்மேல் மிதக்க ஆரம்பிக்கும், பிரேக் மிதித்தாலும் கனமான வண்டி நிற்காது.

டயரின் உள்பக்க ஓரத்தையும் கையால் தடவிப் பாருங்கள். வெளியே நன்றாக இருந்து உள்ளே மட்டும் மொட்டையாக இருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

2. டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படியுங்கள்

இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். 265/65 ஆர்17 112 எச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 265 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 65 என்றால் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 172 மி.மீ. ஆர் என்பது ரேடியல், 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த மூன்று எண்களை எல்லோரும் பார்த்துவிடுவார்கள்.

கடைசியில் இருக்கும் 112தான் குடும்ப வண்டிக்கு உயிர். அது ஒரு டயர் தாங்கக்கூடிய எடைக்கான குறியீடு. 112 என்றால் 1120 கிலோ, 110 என்றால் 1060 கிலோ, 104 என்றால் 900 கிலோ. அளவு ஒன்றாகவே இருக்கும், இந்த எண் மட்டும் குறைவாக இருக்கும் டயர்களும் விற்பனைக்கு உண்டு. கொஞ்சம் மலிவாகவும் கிடைக்கலாம். தனியாக ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. வண்டி நிறைய ஆளும் சாமானும் ஏற்றி, வெயிலில் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டும்போது டயர் உள்ளுக்குள் சூடேறும், அப்போதுதான் ஆபத்து. அதனால் இந்த எண் கூடலாம், குறையவே கூடாது. எச் என்பது வேக வரம்பு, மணிக்கு 210 கி.மீ. அதையும் குறைக்காதீர்கள்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

3. டயர் வகை

தார்ச்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு ஹைவே டயர் போதும். பட்டன் பெரிதாக இருக்கும் ஆல் டெரெயின் டயர் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் இரைச்சலும் எரிபொருள் செலவும் கூடும். அடிக்கடி மண் பாதையில் போகிறவர்களுக்கு அது சரி. அழகுக்காக அகலமான டயருக்கு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்கையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் விசை போகும் வண்டியில் புதுசும் பழசும் கலந்தால் சுற்றளவு வேறுபட்டு, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் பாதிக்கப்படும். மற்ற வண்டிகளில் இரண்டுதான் முடியும் என்றால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், முன்பக்கம் வழுக்குவதைவிட அதைச் சமாளிப்பது கடினம்.

4. கடையில்

மாட்டுவதற்கு முன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் நீளமான ஒரு குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஒரு பக்கச் சுவரில் மட்டும் முழுக் குறியீடு இருப்பதால் டயரைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதன்படி மாட்டுகிறார்களா என்று கவனியுங்கள். ரப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். காற்றழுத்த சென்சார் இருக்கிற வண்டி என்றால் டயரைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், நட்டுகள். ஒருமுறை ஒரு கடையில் நட்டு இறுக்கும் மெஷின் கன் வைத்து இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். சில வாரம் கழித்து மழையில், சாலையோரம் பஞ்சர். ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தும் ஒரு நட்டுகூட அசையவில்லை. உள்ளே பிள்ளைகள் காத்திருந்தார்கள். அன்றிலிருந்து நட்டுகளைக் கையால் சுற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்கச் சொல்கிறேன். சரியான அளவு வந்ததும் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கிறது.

பேலன்சிங் (சக்கரம் அதிராமல் சுற்ற எடையைச் சமன் செய்வது), அலைன்மென்ட் இரண்டையும் அதே நாளில் முடித்துவிடுங்கள்.

5. வீட்டுக்கு வந்த பின்

மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன் காற்றைச் சரிபாருங்கள். கதவுத் தூணில் இருக்கும் அளவுதான் கணக்கு. டயரில் எழுதியிருப்பது அதிகபட்ச வரம்பு, அந்த அளவுக்கு அடிக்காதீர்கள். முழுச் சுமைக்குத் தனி அளவு கொடுத்திருந்தால் பயணத்துக்கு முன் அதன்படி ஏற்றிக்கொள்ளுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக், வேகமான வளைவு வேண்டாம். புது ரப்பரின் மேற்பரப்பு கொஞ்சம் வழவழப்பாக இருக்கும்.

அதே வாரத்தில் ஸ்டெப்னியையும் இறக்கிப் பாருங்கள். பல பெரிய எஸ்யூவிகளில் அது வண்டிக்கு அடியில் தொங்குவதால் யார் கண்ணிலும் படாது. அதிலும் தேதியைப் படியுங்கள், காற்று அடியுங்கள், இறக்கும் கம்பி துருப்பிடிக்காமல் சுற்றுகிறதா என்று பாருங்கள்.